அறுபத்தைந்தாம் நாள்

மலாக்காவின் ரெம்பியாவில் போன மாதம் ஒரு சாவு வீடு. இறந்தவர் தொண்ணூறைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவர் என்பதால் அழுகை குறைவு, பேச்சு அதிகம். பந்தலுக்குக் கீழே வாடகை நாற்காலிகள், பிளாஸ்கில் கறுப்புக் கோப்பி, தட்டில் கச்சான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு 88 வயது. நாற்பது வருடம் பால்மரம் சீவியவர், இப்போது மகனோடு தாமான் வீட்டில் இருக்கிறார். பேச்சு எப்படியோ தோட்டத்துக்குத் திரும்பி, பெரட்டுக்களம், கிராணி, கள்ளுக்கடை என்று சுற்றி, ஒரு படத்தில் வந்து நின்றது.

“எங்கப்பா ஒரு படம் வெச்சிருந்தாரு. பேப்பர்ல வந்தது, வெட்டி எடுத்தது. சாமி மேடையில பிள்ளையார் படத்துக்குப் பின்னால சொருகி வெச்சிருப்பாரு. எவனாவது பாத்துட்டுக் கேட்டா, ‘கணபதிதான், கும்புட்டுக்கோ’ம்பாரு.”

எதிரே இருந்த பையன், இறந்தவரின் பேரன், “எந்தக் கணபதி தாத்தா?” என்றான்.

பெரியவர் பதில் சொல்லும் முன் கழுத்தைத் திருப்பி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன்னையே நினைத்துச் சிரித்துக்கொண்டார். “பாத்தியா, 75 வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் திரும்பித்தான் பாக்கறேன்.”

அவர் சொன்ன கணபதி, எஸ். ஏ. கணபதி. மலாயா கணபதி என்று தமிழ்நாட்டில் சொல்வார்கள். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர், மலாயா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 1949 மார்ச் 1-ஆம் தேதி ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டார். மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்ட நாளையும் சேர்த்து எண்ணினால் அறுபத்தைந்தாம் நாள்.

ரெம்பியாவுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்று கேட்டால், இந்தத் தோட்டத்துக்கு அவர் வந்து பேசினார் என்றெல்லாம் நான் கதை கட்டப் போவதில்லை. ஆனால் அவர் கதையின் பல முடிச்சுகள் நாங்கள் தினம் மோட்டாரில் போகும் தூரத்தில்தான் கிடக்கின்றன. மலாயாவில் ரப்பரை முதன்முதலாக வணிகத்துக்கு நட்டது மலாக்காவில்தான்: 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்ற சீனர் 40 ஏக்கரில் தொடங்கினார், பிறகு புக்கிட் அசகான். மலாயா கம்யூனிஸ்ட் கட்சி 1930-இல் பிறந்த இடமாகப் பலரும் சொல்வது குவாலா பிலா வட்டாரத்தை. தம்பினைத் தாண்டினால் ஒரு மணி நேர ஓட்டம். அந்தக் கூட்டத்துக்கு அனைத்துலகக் கம்யூனிஸ்ட் அமைப்பின் ஆளாக வந்திருந்தவர் ஹோ சி மின். இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், அலோர் காஜா இருக்கும் இந்த நானிங் மண்ணில்தான் 1831-இல் டோல் சைட், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி கட்ட மாட்டேன் என்று வெள்ளைக்காரனோடு சண்டை போட்டார். டோல் சைட் பள்ளிப் பாடத்தில் இருக்கிறார். கணபதியை நான் படித்த பாடப் புத்தகத்தில் பார்த்த நினைவு இல்லை.

*

கணபதியின் ஊர் தஞ்சை மாவட்டம், பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டை. நாகப்பட்டினத்தில் கப்பலேறாத குடும்பம் குறைவான வட்டாரம் அது. சிறுவயதிலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டார், படிப்பும் அங்கேதான். ஜப்பான்காரன் காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, அதன் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநராக இருந்தார். போர் முடிந்ததும் கம்யூனிஸ்ட் கட்சி, தொழிற்சங்கம்.

நேதாஜியின் படையில் இருந்தவர் எப்படிக் கம்யூனிஸ்ட் ஆனார் என்று இன்று கேட்பவர்கள் உண்டு. 1945-இல் தோட்டத்து லயத்தில் இருந்தவன் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதை அவன் கண்ணால் பார்த்தவன். சயாம் மரண ரயிலுக்குப் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் லோரியில் ஏற்றிப் போகப்பட்டதையும், திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணியதையும் பார்த்தவன். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஓடிய ரயில் பாதையின் தண்டவாளங்களையே ஜப்பான்காரன் பெயர்த்து அந்தச் சயாம் பாதைக்குக் கொண்டுபோனான். மலாக்கா நகரத்துக்கு இன்றுவரை ரயில் கிடையாது. ரயிலேற நாம் பூலாவ் செபாங்குக்குத்தான் போகிறோம்.

அதே லயத்துப் பையன்கள் இந்திய தேசிய ராணுவத்தில் காக்கிச் சட்டை போட்டு, துப்பாக்கி தோளில் வைத்து, ‘கூலி’ என்ற சொல்லைக் கேட்காமல் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தார்கள். போர் முடிந்து திரும்பிய துரைமார், 1941-இல் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று நினைத்தார்கள். கையிலிருந்த ஜப்பான் நோட்டுகள் வெறும் காகிதம், அரிசி ஆனை விலை, கூலி மட்டும் பழையது.

1941 என்றதும் கிள்ளான் நினைவுக்கு வர வேண்டும். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை செய்த ஆர். எச். நாதன் தலைமையில் சிலாங்கூர் தோட்டங்கள் நின்றுபோயின. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் பட்டியலில் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

அந்தச் சைக்கிளை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். செம்மண் ரோடு, ஒரு பக்கம் மரம், மறு பக்கம் மரம். அதிகாலை பெரட்டுக்கு எழுந்து, மங்கும் உளியும் தூக்கி, வெயில் ஏறும் முன் சீவி முடித்து, பாலைச் சேர்த்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு மிதித்துக்கொண்டு வருகிறான் ஒருவன். கைப்பிடியில் பால் வாளி ஆடுகிறது. வளைவில் துரையின் மோட்டார் சத்தம். இறங்க வேண்டும். இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, புழுதி அடங்கும் வரை நிற்க வேண்டும். சம்பளச் சீட்டில் எழுத முடியாத விஷயம் இது. அதைக் கோரிக்கைப் பட்டியலில் எழுதியது பெரிய துணிச்சல். பதிலுக்கு நாதனை நாடு கடத்தினார்கள், சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள், பட்டாளம் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள்.

கணபதி தலைமைக்கு வந்தது இந்தக் கணக்கு தீராமல் கிடந்த நேரத்தில். 1946 பிப்ரவரியில் தொடங்கிய அகில மலாயா பொதுத் தொழிலாளர் சங்கம், பிறகு தொழிற்சங்கச் சம்மேளனமாக உருமாறியது. துறைமுகம், சுரங்கம், தோட்டம், நகராட்சித் துப்புரவு, ரயில் என்று பரவி, உச்சத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேலான உறுப்பினர்கள். சீனர் பெரும்பான்மையாக இருந்த கட்சி, தன் மிகப் பெரிய வெகுசன அமைப்புக்குத் தலைவராக ஒரு தமிழரை வைத்தது. தோட்டத் தொழிலாளியைப் பிடிக்காமல் மலாயாவில் எந்தப் போராட்டமும் நடக்காது என்று கட்சி கணக்குப் போட்டிருந்தது, கணக்கு சரிதான். பேராக்கில் ஆர். ஜி. பாலன் இதே வேலையைச் செய்தார். 1947-இல் லண்டனில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் மாநாட்டுக்கு மலாயாவிலிருந்து போன மூவரில் ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர், மூன்றாவது ஆள் பாலன்.

கம்யூனிஸ்ட்தான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டான் என்பதும் பாதி உண்மை. கெடாவில் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி நடத்திய தொண்டர் படை, கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்து 1947-இல் போலீசிடம் அடி வாங்கியது. அங்கே கட்சியைவிட நேதாஜியின் நிழலும் காந்தியின் நிழலும்தான் பெரியவை. கள்ளை ஒழி, பிள்ளையைப் படிக்க வை, நிமிர்ந்து நட. கணபதியின் சங்கம் இந்த அலையின் மேல் ஏறி வந்தது என்பதே என் கணிப்பு.

*

இனி மலாக்காக்காரர் ஒருவர் கதைக்குள் வருகிறார். ஹீரன் தெருவில் பெரிய வீடு, ரப்பர்த் தோட்டங்கள், ஆங்கிலப் படிப்பு: டான் செங் லோக். அந்தத் தெருவுக்கே இன்று அவர் பெயர்தான். 1946 டிசம்பரில் பல அமைப்புகள் சேர்ந்து அகில மலாயா கூட்டு நடவடிக்கை மன்றத்தை உண்டாக்கியபோது அவரைத் தலைவராக்கின. அந்த மன்றத்துக்கு ஆள் பலம் கொடுத்தது கணபதியின் சம்மேளனம். தோட்ட முதலாளியும் தோட்டத் தொழிலாளியின் தலைவரும் ஒரே மேடை! மலாய் இடதுசாரிகளின் ‘புத்ரா’ கூட்டணியோடு சேர்ந்து அவர்கள் 1947-இல் ‘மக்கள் அரசியலமைப்பு’ ஒன்றை எழுதி வைத்தார்கள். பிரிட்டிஷ்காரன் தானாகத் தைத்துக்கொண்டிருந்த கூட்டரசுச் சட்டத்துக்கு எதிராக 1947 அக்டோபர் 20-ஆம் தேதி நாடு முழுக்க அர்த்தால் நடந்தது. கடைகள் சாத்தின, தோட்டங்கள் ஓய்ந்தன, மங்குகள் மரத்தில் கவிழ்ந்தே கிடந்தன. ஃபாமி ரேசா என்ற இளைஞர் 2007-இல் இதைப் பற்றி ‘மெர்டேக்காவுக்குப் பத்து ஆண்டு முன்’ என்ற பொருளில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். நம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம்.

பிரிட்டிஷ்காரன் அந்த அரசியலமைப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1948 ஜூனில் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தினான். வெவ்வேறு தொழில்காரர்கள் ஒரே சம்மேளனத்தில் சேரக்கூடாது, சங்கப் பொறுப்பில் இருப்பவர் அந்தத் தொழிலில் மூன்று வருடம் வேலை செய்தவராக இருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாத தொழிலாளிக்கு, எழுதப் படிக்கத் தெரிந்த வெளியாள் தலைவராக வரக்கூடாது என்பதுதான் இதன் தமிழ். சம்மேளனம் ஒரே நாளில் சட்டவிரோதமானது. சில நாளில், ஜூன் 16-ஆம் தேதி, சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை.

கணபதியின் பொது வாழ்க்கை என்று பார்த்தால் இவ்வளவுதான். 1945 கடைசியிலிருந்து 1948 நடுப்பகுதி வரை, மூன்று வருடம்கூட இல்லை. பிறகு எட்டு மாதத் தலைமறைவு.

வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டபோது அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டவை ஒரு ரிவால்வர், ஆறு தோட்டாக்கள். வழியில் கிடந்ததை எடுத்துப் போலீசிடம் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவர் தரப்பு வாதம். அதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். போராளிக் கட்சியின் ஆள், காட்டோரம், தலைமறைவு, கையில் துப்பாக்கி: எனக்கே அந்த வாதம் கொஞ்சம் பலவீனமாகத்தான் படுகிறது. ஆனால் அவர் யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை. வைத்திருந்தார், அவ்வளவுதான் குற்றம். அதே மார்ச் மாதத்திலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

இங்கே இன்னொரு தமிழரின் வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1948-இல் ஜொகூரில் பிடிபட்ட சாம்பசிவம். அவர் மேலும் இதே சட்டம்தான்: துப்பாக்கி ஒரு குற்றச்சாட்டு, தோட்டா இன்னொன்று. தோட்டாக் குற்றத்தில் நீதிமன்றம் அவரை விடுவித்தது, துப்பாக்கிக்கு மறுவிசாரணை நடத்தித் தூக்கு விதித்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரே வாக்குமூலத்தைத்தான் மறுவிசாரணையிலும் காட்டினார்கள். தோட்டாவில் அவர் விடுதலையானதை மட்டும் அங்கே சொல்லவில்லை. லண்டன் பிரிவி கவுன்சில் 1950-இல் அந்தத் தூக்கை ரத்து செய்தது. விடுதலையானவனை அதே விஷயத்தில் மறுபடி குற்றவாளியாகக் காட்டக்கூடாது என்ற அந்தத் தீர்ப்பை இன்றும் பல நாட்டு நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டுகின்றன. சட்டம் படித்த நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், ‘சாம்பசிவம்’ என்றால் தெரியும். அவர் ஒரு மலாயாத் தமிழர் என்பது தெரியாது. கணபதிக்கும் அதே போலத் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது, வழக்குகள் வேறு. சாம்பசிவத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் கிடைத்தது, கணபதிக்கு இரண்டு மாதம். நான் சொல்ல வருவது அந்தக் கால அளவைத்தான்.

அந்த இரண்டு மாதத்தில் உலகம் சும்மா இருக்கவில்லை. தூக்கு நடப்பதற்கு முந்தைய வாரம் நேரு லண்டனில்தான் இருந்தார். குடியரசான பிறகும் இந்தியா காமன்வெல்த்தில் இருக்கும் என்ற ஒப்பந்தம் அங்கே பேசி முடிவானது. தூதர் கிருஷ்ண மேனன் வழியாகக் கணபதிக்காகவும் இந்தியா கேட்டது. லண்டனில் ஆட்சியில் இருந்ததோ தொழிற்கட்சி. காலனி அமைச்சர் கிரீச் ஜோன்ஸ் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். தொழிலாளர் பெயரால் ஆட்சிக்கு வந்த அரசு, ஒரு தொழிற்சங்கத் தலைவருக்குக் கயிறு மாட்டியது. மே 3-ஆம் தேதி, கணபதியின் தோழரும் சங்கத் தலைவருமான பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் புடு சிறையில் தூக்கு. தமிழ்நாட்டில் கொதிப்பு பெரிது. மு. கருணாநிதி ‘கயிற்றில் தொங்கிய கணபதி’ என்று ஒரு சிறுநூலே எழுதினார். கணபதியின் வட்டாரத்துக்காரர், சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய வாட்டாக்குடி இரணியன், சரியாக ஒரு வருடம் கழித்து 1950 மே மாதம் தஞ்சை மண்ணில் போலீஸ் குண்டுக்கு இரையானார். அங்கே சுட்டது வெள்ளைக்காரன் போலீஸ் அல்ல, சுதந்திர இந்தியாவின் போலீஸ்.

*

மலாக்காவில் இருந்துகொண்டு போர்த்துகலை நினைக்காமல் இருக்க முடியாது. பள்ளிப் பயணத்தில் ஃபாமோசா கோட்டை வாசலில் படம் எடுக்காத பிள்ளை இல்லை. உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பில் சுட்ட மீன் சாப்பிடாத ரெம்பியாக்காரனும் குறைவு. கணபதி பிடிபட்ட அதே மார்ச் மாதம், 25-ஆம் தேதி, போர்த்துகலில் லூசோ என்ற ஊரில் இன்னொரு கம்யூனிஸ்ட் தலைவர் பிடிபட்டார். பெயர் ஆல்வரோ குன்யால்.

குன்யால் 1913-இல் கொயிம்பிராவில் பிறந்தவர், வக்கீல் வீட்டுப் பிள்ளை. 17 வயதில் கட்சி. 1940-இல் சிறையிலிருந்தபடியே சட்டப் படிப்பின் ஆய்வேட்டை எழுதி, போலீஸ் காவலோடு பல்கலைக்கழகத்துக்கு வந்து, தேர்வாளர்கள் முன்னால் நின்று வாதாடினார். தேர்வாளர்களில் ஒருவர் மார்செலோ கயிதானோ, பின்னாளில் அதே சர்வாதிகார ஆட்சியின் பிரதமர். பிடித்து வைத்த ஆட்சியின் ஆளே கைதிக்கு நல்ல மதிப்பெண் போட்டார்.

சர்வாதிகாரி சலாசாரின் போர்த்துகல் நல்ல ஆட்சி என்று யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குன்யாலோடு ஒரே நாளில் பிடிபட்ட தோழர் மிலித்தாவ் ரிபெய்ரோ உண்ணாவிரதமிருந்து சிறையிலேயே செத்தார். குன்யாலைப் பல வருடம் தனிச்சிறையில் போட்டு வைத்தார்கள். அந்தக் காலத்தில்தான், 1952-இல், சலாசாரின் கடல்கடந்த மாகாணங்களின் அமைச்சர் மலாக்காவுக்கு வந்து உஜோங் பாசிர் மக்களைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வருகையை ஒட்டிப் பழகிய நாட்டுப்புற நடனத்தைத்தான் இன்று சுற்றுப்பயணிகள் கைதட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் போர்த்துகலில் தூக்குக் கயிறு கிடையாது. 19-ஆம் நூற்றாண்டிலேயே சாதாரணக் குற்றங்களுக்கு மரண தண்டனையை எடுத்துவிட்ட நாடு அது. ஆகவே குன்யால் உயிரோடு இருந்தார். சிறையில் படம் வரைந்தார், கதை எழுதினார்.

1960 ஜனவரி 3-ஆம் தேதி பெனிசெ கடற்கோட்டைச் சிறையிலிருந்து ஒரு காவலரின் துணையோடு பத்துப் பேர் தப்பினார்கள். மதில் இறங்கப் படுக்கை விரிப்புகளை முடிந்து கயிறாக்கியிருந்தார்கள். குன்யால் அந்தப் பத்தில் ஒருவர். அடுத்த வருடம் கட்சியின் பொதுச் செயலாளர், 1992 வரை அவர்தான். 1974 ஏப்ரல் 25-இல் ராணுவத்தின் இளம் அதிகாரிகள் கயிதானோவைக் கவிழ்த்ததும் லிஸ்பனுக்குத் திரும்பினார், இலாகா இல்லாத அமைச்சரானார். அலென்தெஜோ பகுதியின் பெரும்பண்ணைகளைக் கூலிக்காரர்கள் கைப்பற்றியபோது அவர்களின் கட்சி இவருடையதுதான். நம் தோட்டங்களைப் போலவே ஏக்கர் கணக்கில் ஒரே முதலாளி, விடிந்ததிலிருந்து அடையும்வரை வேலை. எட்டு மணி நேர வேலையை அந்த மக்கள் 1962-இல்தான் போராடி வாங்கினார்கள். 2005-இல் 91 வயதில் குன்யால் இறந்தபோது லிஸ்பன் தெருவில் லட்சக்கணக்கில் கூட்டம்.

91 வயது வாழ்ந்ததால் அவர் தப்புகளும் ஊர் முழுக்கத் தெரியும். 1968-இல் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் போனபோது சரி என்றார். சோவியத் உடைந்த பின்னும் இறங்கி வரவில்லை. போர்த்துகீசியர்கள் அவரைக் கும்பிடவும் செய்தார்கள், திட்டவும் செய்தார்கள், ஓட்டுப் போட்டும் பார்த்தார்கள், போடாமலும் விட்டார்கள். ஒரு அரசியல்வாதிக்குக் கிடைக்க வேண்டிய எல்லாம் கிடைத்தது.

கணபதிக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. மலாயா கட்சியின் பொதுச் செயலாளர் லாய் தெக் வெள்ளைக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் உளவு பார்த்த ஆள் என்று தெரிந்து 1947-இல் ஓடிப்போனபோது கணபதி என்ன நினைத்தார்? அவர் தூக்கு மேடைக்குக் காத்திருந்த ஏப்ரல் 10-ஆம் தேதி, ஈப்போவில் டான் செங் லோக் மேல் கையெறி குண்டு வீசிக் காயப்படுத்தினார்கள் அவருடைய கட்சி ஆட்கள். ஒன்றரை வருடம் முன் ஒரே மேடையில் அர்த்தாலுக்கு அழைத்தவர். கணபதி பிடிபடுவதற்கு இரண்டு நாள் முன்னால், பிப்ரவரி 27-இல், மலாயா சீனர் சங்கத்தை டான் செங் லோக் தொடங்கியிருந்தார், அதுதான் கோபம். பிறகு காட்டுக்காரர்கள் பால்மரங்களைக் கொத்திப் போட்டதும், புகைவீடுகளைக் கொளுத்தியதும், கங்காணிகளையும் தொழிலாளிகளையும் சுட்டதும் நடந்தது. கொத்தப்பட்ட மரம் துரைக்கு நஷ்டக் கணக்கு. சீவுகிறவனுக்கு அன்றைய சோறு. கணபதி இருந்திருந்தால் இதை எதிர்த்திருப்பாரா, தலையாட்டியிருப்பாரா? கயிறு அந்தக் கேள்வியை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. அதனால்தான் ஒரு பக்கம் அவர் வெறும் பயங்கரவாதி, மறு பக்கம் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் சொருகிய இன்னொரு சாமி. கம்யூனிஸ்ட் என்ற சொல்லை அழித்துவிட்டு வெறும் ‘தமிழ்த் தியாகி’ ஆக்கும் நம் மேடைப் பேச்சாளர்களும் அவருக்கு நன்மை செய்யவில்லை. அவர் கம்யூனிஸ்ட். தெரிந்தே சேர்ந்தவர்.

*

“அந்தப் படம் என்ன ஆச்சு தாத்தா?” பையன் விடவில்லை.

“எங்கம்மா எடுத்து அடுப்புல வெச்சிட்டாங்க. தூக்குல போட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்ட அன்னிக்கே. எங்கப்பா ஒண்ணும் சொல்லல. வெறுமனே அடுப்பையே பாத்துக்கிட்டு நின்னாரு.”

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. லயத்தைச் சுற்றி முள்வேலி, மாலை ஆனால் ஊரடங்கு, கையில் எப்போதும் ஐசி எனும் அடையாள அட்டை. 1948-இல் கம்யூனிஸ்டைப் பிடிக்க வந்த அட்டைதான் இன்று வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகிறோமே, அது. காட்டுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று கடைக்காரர் பால் டின்னை ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். மலாக்காவுக்கு இதிலும் ஒரு முதல் இடம் உண்டு: மலாயாவிலேயே முதல் ‘வெள்ளைப் பகுதி’, அதாவது கம்யூனிஸ்ட் தொல்லை தீர்ந்ததென்று கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பகுதி, 1953 செப்டம்பரில் நம் மாநிலத்தில்தான் அறிவிக்கப்பட்டது. “எங்க பக்கம் வேலிய சீக்கிரமே பிரிச்சிட்டான்” என்றார் பெரியவர். “கம்பிய எல்லாம் எடுத்து ஜனங்க கோழிக் கொட்டாய்க்குக் கட்டிக்கிட்டாங்க.” அடுத்த வருடம் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்தது, பி. பி. நாராயணன் தலைமையில். பேசித் தீர்க்கும் சங்கம். சில உரிமைகள் கிடைத்தன, மறுக்கவில்லை. துரை எதிரே வந்தால் சைக்கிளில் இருந்து இறங்குவது எப்போது நின்றது என்று கேட்டேன். பெரியவர் யோசித்தார். “நின்னுதான் போச்சு. யாரும் சொல்லி நிக்கல. எங்கப்பா ஒரு நாள் எறங்கல, அடுத்த நாளும் எறங்கல.”

இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பர் இல்லை, செம்பனை. வெட்டுபவர்கள் வங்காளதேசத்துப் பையன்கள். அவர்களின் சங்கத் தலைவர் யார் என்று அவர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள்.

புடு சிறையும் இல்லை. 1895-இல் திறந்த அந்தச் சிறையை 2010-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த மனையில் 2022-இல் ஜப்பானியப் பேரங்காடி ஒன்று வந்தது. சிறையின் பழைய வாசலை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் ஹங் துவா, நம் மலாக்கா வீரர். போன தடவை நான் போனபோது வாசல் முன்னால் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கணபதிக்கு அங்கே ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

சவ வண்டி வந்துவிட்டதென்று யாரோ சொன்னார்கள். ஆட்கள் எழுந்தார்கள், நாற்காலிகள் சரிந்தன. பையன் அதற்குள் கைப்பேசியில் தேடி ஒரு படத்தை எடுத்துவிட்டிருந்தான். பெரியவரிடம் நீட்டினான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கீழே இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார்.

“இவருதானா தாத்தா?”

“பெருசு பண்ணு” என்றார்.